ஜன்னலுக்கு முதுகு காட்டிய நாற்காலி

அச்சகத்தில் அவளுக்குச் 'சிவப்புப் பேனா' என்று பெயர். பாடப்புத்தகம், மருந்துச் சீட்டு, துண்டு நோட்டீஸ் எதுவானாலும் அவள் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். அவள் சேர்ந்த காலத்தில் பிழை திருத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலப்பிரதியை வாய்விட்டு வாசிப்பார், மற்றவர் அச்சான தாளில் வரிவரியாகக் கண்ணை ஓட்டிக்கொண்டு போவார். அவளுக்கு நாற்பத்தைந்து வயதானபோது, எதிரே உட்கார்ந்து வாசிப்பவரின் குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் கேட்கத் தொடங்கியது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. "தனியாப் பாத்தா சீக்கிரம் முடியுது சார்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஒரு மர ஸ்கேலை வாங்கி, இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஆரம்பித்தாள். அந்த வருஷம் அவளிடமிருந்து தப்பிய பிழைகள் பாதியாகக் குறைந்தன. முதலாளி குஷியாகி, மற்றவர்களையும் தனித்தனியாக உட்காரச் சொன்னார். அவர்கள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அது அவள் காதில் விழவில்லை.

வீட்டில் விஷயம் அரைகுறையாகத் தெரியும். ஒரு காது கொஞ்சம் மந்தம் என்பது வரைக்கும் கணவரும் மகளும் அறிவார்கள். காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். தலைமுடியைத் தளர்த்தி வாரினால் அது இருப்பதும் தெரியாது, இல்லாததும் தெரியாது.

பழைய வாடகை வீட்டில் இதனால் பெரிய தொல்லை இருக்கவில்லை. அங்கே சமையலறையிலேயே ஒரு சின்ன மேஜை. மூன்று பேர் உட்கார்ந்தால் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். தலைக்கு மேலே ஒரு பல்பு. பேசுகிறவர் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாதியைக் காதால் வாங்கினாள், மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்தாள். தான் உதட்டைப் படிக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. கண் இருக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேச்சுக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சொந்த வீடு வந்தது. நாலாவது மாடி, இரண்டு சின்னப் படுக்கையறை, மற்றதெல்லாம் ஒரே கூடம். வாசல் கதவு ஒரு கோடியில், அடுப்பு மேடை மறுகோடியில், நடுவே சுவர் என்பதே கிடையாது. நீளவாக்கில் ஒரே ஒரு பெரிய ஜன்னல். கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் ஆறடிக்கு ஐந்தடிப் பெட்டிக்குள் குனிந்து வேலை பார்த்தவருக்கு அந்தக் கூடத்தைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"சுவரே இல்ல பாரு! நீ அடுப்புகிட்ட நின்னு கூப்பிட்டாக்கூட எனக்கு வாசல்ல கேக்கும்."

"ம்" என்றாள் அவள்.

சாமான்களை அவர்தான் அடுக்கினார். சாப்பாட்டு மேஜை அடுப்பு மேடைக்குப் பக்கத்தில். காற்று முதுகில் படவேண்டும் என்று அவரும் மகளும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள். எழுந்து எழுந்து பரிமாற வசதி என்று அவளுக்கு எதிர்ப்பக்கம், ஃபிரிட்ஜை ஒட்டி. வாசல் பக்கம் டிவி. அதற்கு நேரே, மேஜைக்கு முதுகு காட்டிக்கொண்டு சோபா. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

பகலில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு கறுப்பு உருவங்கள் சாப்பிடுவதை அவள் பார்த்தாள். ராத்திரியில் டியூப்லைட்டும் அதே ஜன்னலுக்கு மேலேதான். மிஷினைப் போட்டால் ஃபிரிட்ஜ், மின்விசிறி, டிவி, தட்டில் இடிக்கும் கரண்டி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மண்டைக்குள் குடியேறின. நடுவில் எங்கேயோ மகள் பேசுவதுபோல் இருந்தது. இரண்டே மாதத்தில் மிஷின் மேஜை டிராயருக்குப் போனது. அவர்கள் பேசுவது நின்றால் "ம்" என்பாள். முகத்தைத் தூக்கி அவளைப் பார்த்தால் தலையாட்டுவாள். சோபாவில் மூன்று பேரும் ஒரே வரிசையில் டிவியைப் பார்த்து உட்கார்ந்தால் அதுவும் இல்லை. இரண்டு வருஷம் இப்படி ஓடியது. சொந்த வீடு வந்ததும் அம்மா ரொம்ப அமைதியாகிவிட்டாள் என்று மகள் நினைத்தாள். வயசு என்று கணவர் நினைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வாசல் கதவு திறந்தது. அவள் பழைய நைட்டியோடு தலையில் எண்ணெய் வடிய நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்தது ஒரு இளைஞன், அவனுடைய அப்பா, அம்மா. மகள் புதுத் துணியில் இருந்தாள். கணவர்கூட ஷேவ் செய்திருந்தார்.

அவள் மகளை அறைக்குள் இழுத்துப் போய், "யாருடி இவங்க?" என்றாள்.

"என்னம்மா விளையாடுற? செவ்வாக்கிழமை சாப்பிடும்போது சொன்னேனே. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லட்டுமான்னு கேட்டேன். நீதானே சரின்னு தலையாட்டின?"

அவள் தலைமுடியைத் தளர்த்தி வாரி, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். விருந்தாளிகள் சோபாவில் இருந்தார்கள். அவளுக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. பையன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். அடர்த்தியான மீசை. ரோட்டைப் பார்த்தபடியே பேசிப் பழகியவன் ஆகையால், அவளிடம் பேசும்போதும் நேரே டிவியைப் பார்த்துத்தான் பேசினான். அவள் சிரித்துவைத்தாள்.

எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். எல்லோரும் குடித்து முடிக்கிற நேரத்தில் பையனின் அம்மா டம்ளரைக் கையில் வைத்தபடி அவள் பக்கம் சாய்ந்து கேட்டாள், "எங்க பையன் எப்படி? உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

புளிச்சிருக்கா என்று அவளுக்குப் பட்டது.

"கொஞ்சம் புளிப்புதான்" என்றாள் அவள். "சர்க்கரை போட்டா சரியாயிடும்."

பையனின் அப்பா மட்டும் சிரித்தார். அதுவும் பாதியில் நின்றது. பத்தே நிமிஷத்தில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

மகள் வாசல் கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்ததால் அம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத் தெரிந்தது.

"பிடிக்கலன்னா பிடிக்கலன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? வீட்டுக்கு வந்தவங்களைக் குத்திக்காட்டணுமா?"

"நான் ஜூஸைச் சொன்னேன்."

"ஜூஸையா?"

"அவங்க ஜூஸைக் கேட்டாங்கன்னு நினைச்சேன். எனக்குக் கேக்கல."

"மிஷின் போட்டிருக்கியே?"

அவள் முடியை ஒதுக்கிக் காட்டினாள். ஒன்றும் இல்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் கணவர். அவள் பதில் சொல்லாததால் சுற்றி வந்து எதிரே நின்று மறுபடி கேட்டார்.

"இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து. மேஜையில நீங்க ரெண்டு பேரும் பேசுறது எனக்கு ஒண்ணுமே புரியறதில்ல."

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷமா."

கணவர் சோபாவில் உட்கார்ந்தார். கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து, "அப்போ சுவர் கட்டிடலாமா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள். இருவரும் வேலைக்குப் போனதும், வீணான ஒரு தாளின் பின்பக்கத்தில் கூடத்தை வரைந்து, எது எங்கே போகவேண்டும் என்று சிவப்புப் பேனாவால் குறித்தாள். ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தாள். வெளிச்சம் பேசுகிறவர்கள் முகத்தில் விழவேண்டும், தன் முதுகில் விழவேண்டும். இவ்வளவுதான் கணக்கு. இதைக் கண்டுபிடிக்க ஏன் இரண்டு வருஷம் ஆயிற்று என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

மேஜையின் காலுக்கடியில் பழைய கால்மிதியைக் கொடுத்து ஜன்னலருகே இழுத்தாள். தன் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டாள். சோபாவை எதிர்ச்சுவரோடு ஒட்டித் தள்ளி, ஒற்றை நாற்காலி ஒன்றை அதற்கு எதிரே வைத்தாள். டிவி மூலைக்குப் போனது. மத்தியானம் எலக்ட்ரீஷியன் வந்து மேஜை மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, ஃபிரிட்ஜுக்கு வாசல் பக்கம் புது பிளக் வைத்துக் கொடுத்தார். மேஜை நீளமாக இருந்ததால் கோடியில் இருப்பவர் முகம் பக்கவாட்டில்தான் தெரிந்தது. அடுத்த வாரம் தச்சர் வந்து அதை அறுத்து வட்டமாக்கினார். வாங்கி இரண்டு வருஷமே ஆன மேஜை. கணவர் அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் போய் நின்றுகொண்டார்.

பலன் கலவையாகத்தான் இருந்தது. ஃபிரிட்ஜ் வாசலருகே வந்ததால், வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். டிவி பார்க்கத் திருகித் திருகிக் கணவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அடுப்புப் பக்கம் போகும்போதெல்லாம் மேஜையில் இடுப்பை இடித்துக்கொண்டார். சாப்பிடும்போது டிவி கிடையாது என்ற விதி ஒன்பது நாள் நீடித்தது. ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேசவேண்டும் என்ற விதி முதல் நாளே போய்விட்டது. ஆனால் ஃபிரிட்ஜ் இரைச்சல் தள்ளிப் போனதால் மிஷினைப் போட முடிந்தது. முகங்கள் தெரிந்தன. இரண்டு வருஷமாகத் தான் தவறவிட்டது என்ன என்று அவள் ஆவலோடு கவனித்தாள். கணவர் பேசியதில் பெரும்பகுதி லிஃப்டைப் பற்றி. மீதி, குழம்பில் உப்பு போதவில்லை என்று.

"இதை ரெண்டு வருஷமாவா சொல்லிட்டிருந்தீங்க?"

"தினமும் சொன்னேன். நீயும் தினமும் தலையாட்டினே."

மகள் விஷயத்தைச் சொல்லி, பையன் வீட்டாரை மறுபடி அழைத்துவந்தாள். இந்த முறை பையனை ஜன்னலுக்கு நேரெதிர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெயில் கண்ணில் குத்த, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவன் அவளைப் பார்த்துத்தான் பேசினான். வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. அப்படியும் பாதிதான் புரிந்தது.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "மீசை நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க சொல்றது பூரா அதுக்குள்ள மாட்டிக்குது."

பையனின் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "பத்து வருஷமா நானும் அதைத்தான் சொல்றேன்!" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை நகர்த்தி வெளிச்சத்துக்கு வந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, போன முறை கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டாள். இந்தத் தடவை அவள் சரியான பதிலைச் சொன்னாள்.

எட்டு மாதம் கழித்துக் கல்யாணம் நடந்தது. மீசை பாதியாகியிருந்தது. மகள் போனபின் வட்ட மேஜையில் இரண்டு பேர்தான். கணவர் தன் நாற்காலியை டிவி பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார். அவள் காலால் அதை உள்ளே இழுப்பாள். அச்சகத்தில் ஒருநாள் தானே போய் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர், "பத்து வருஷமாத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டுத் தாளை நீட்டினார்.

விடுமுறை நாளில் மகளும் மருமகனும் சாப்பிட வருவார்கள். மருமகனுக்கு ஜன்னல் வெயில் இன்னும் பழகவில்லை. "அத்தை, ஒரு கர்ட்டன் போட்டா என்ன?" என்று வருகிறபோதெல்லாம் கேட்கிறான். நல்ல வெளிச்சத்தில், நேரே அவள் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகத்தான் கேட்கிறான். அந்த ஒரு பேச்சு மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை.