றோஸ்மேரி மிஸ்ஸின் முதற் கேள்வி

நான் டொக்டராகி ஆறு வருடம். எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எனக்கு இரண்டுக்குத்தான் பயம்: வயதானவர்களின் இதயம், றோஸ்மேரி மிஸ்.

மிஸ் நாவற்குடாவிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். இருபத்திரண்டு வருடமாகத் தாதி. கையுறை போடும்போது தேவாலயப் பாட்டு முணுமுணுப்பார். டொக்டர்மார் பிழைவிட்டால் அதே வாயால் கிழிப்பார். நோயாளியின் வீட்டாரிடம் “என்ன மருந்து குடிக்கிறார்?” என்று நாங்கள் கேட்போம். மிஸ் அப்படிக் கேட்க மாட்டார். “வீட்டில ஆரார் குளிசை போடுற?” என்பதுதான் அவருடைய முதற் கேள்வி. வீட்டார் எல்லாருடைய மாத்திரையையும் விசாரிப்பது எதற்கு என்று எனக்குச் சிரிப்பு வரும்.

போன மாசியில் பெரியகல்லாற்றிலிருந்து வினாயகமூர்த்தி ஐயாவைக் கொண்டுவந்தார்கள். எண்பத்தொரு வயது, வாவியில் வலை வீசியவர். நுரையீரலில் கடும் தொற்று, சிறுநீரகமும் சோர்ந்திருந்தது. காலை பதினொரு மணிபோல இதயம் தாளம் தப்பியது. மெதுவாக அடிக்கும், திடீரென நாலைந்து துடிப்பு முந்திக்கொண்டு ஓடும். துடிப்பைக் காட்டும் திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அவருடைய மருந்துகளைக் குறித்திருந்த கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். பிரஷர் குளிசை ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. துடிப்பை அடக்கும் ஊசிமருந்தை எழுதப் பேனையை எடுத்தேன்.

“பேனையை வையுங்க டொக்டர். ரெண்டு நிமிஷம்” என்றார் பக்கத்தில் நின்ற மிஸ்.

வாசலில் ஐயாவின் மனைவி புஸ்பம் நின்றார். மிஸ் போய்த் தன் வழக்கமான கேள்வியைப் போட்டார்.

“நானும்தான் புள்ள போடுற. எனக்கு நெஞ்சு வருத்தம். இவருக்கும் என்னப்போல மூச்சு இழுத்திச்சு. எனக்குச் சுகம் தந்த குளிசைதானே எண்டு காலையும் பின்னேரமும் ஒவ்வொண்டு குடுத்தன். ஒரு கிழமையா.”

“அதுக்குப் பிறகு சோறு திண்டாரா?”

“எங்க புள்ள! ஒரே சத்தி. வெள்ளச் சோத்தக் குடுத்தா, ஏன் மஞ்சச்சோறு ஆக்கினாய் எண்டு ஏசினார்.”

மிஸ் புஸ்பத்தின் பையைத் துழாவி, ஒரு குளிசை உறையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். டிஜொக்ஸின், இதய நோய்க்குக் கொடுப்பது. ஓயாத வாந்தியும், கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிவதும் அது உடம்பில் மிஞ்சிவிட்டதன் அடையாளம். நான் எழுத இருந்த மருந்து அதை இன்னும் ஏற்றி, ஏற்கனவே மெதுவாக அடித்த இதயத்தை நிறுத்தியே விட்டிருக்கலாம். பேனையைச் சட்டைப்பையில் செருகினேன். வெட்கமாக இருந்தது.

“நானே இவரக் கொல்லப் பாத்தனா?” என்று புஸ்பம் அழுதார்.

“பாசத்தில குடுத்தீங்க அம்மா. இனிக் குளிசைய மட்டும் பங்கு போடாதீங்க” என்று மிஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஊசியை நான் எழுதவில்லை. இரத்தத்தின் உப்புகளைச் சரிசெய்துகொண்டு, திரையை விட்டு நகராமல் காத்திருந்தோம். இரத்தப் பரிசோதனையும் மிஸ்ஸின் பக்கமே நின்றது. மூன்றாம் நாள் துடிப்பு ஒழுங்குக்கு வந்தது. மிஸ் அன்று பாட்டை வாய்விட்டே பாடினார். சுருதி தெரியாத நானும் சேர்ந்துகொண்டேன். அவ்வளவு சந்தோசம்.

ஐயா வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிற அன்று புஸ்பம் பெரிய சட்டியோடு வந்தார். வழியனுப்ப மிஸ்ஸும் நானும் போயிருந்தோம்.

“அண்டைக்கு ஆக்காத சோத்துக்கு ஏச்சு வாங்கின நான். இண்டைக்கு ஆக்கிட்டன்” என்று மூடியைத் திறந்தார்.

ஐயா எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“மிஸ்! திரும்பவும் மஞ்சளாத் தெரியுது!”

வார்டே சிரித்தது. மிஸ் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, “இது மெய்யாவே மஞ்சச்சோறு ஐயா. பயப்படாமச் சாப்பிடுங்க” என்றார்.