சுத்தியலம்மா போட்ட குறி

அந்த எல்லை ஜங்ஷனில் அவளுக்குப் பெயர் சுத்தியலம்மா. ரயில் வந்து நின்றதும் நீளக் காம்புச் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக் கேட்பாள். கணீரென்றால் நல்ல சக்கரம். சத்தம் மந்தமாக வந்தால் விரிசல். உடனே பெட்டியில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. குறி விழுந்த பெட்டியை மந்திரியே வந்தாலும் நகர்த்த முடியாது. புருஷன் செத்தபின் அவன் வேலைக்கு வந்தவள் அவள். பதினோரு வருஷத்தில் ஒரு பொய்க் குறி போட்டதில்லை.

யுத்தத்தின் நடுவில் நாடு ஏன் அணி மாறியது என்று பிற்பாடு படித்தவர்கள் தடித்தடியாகப் புத்தகம் எழுதினார்கள். எழுதட்டும். சுத்தியலம்மாவுக்கு அது முன்பே தெரியும். நம் கோதுமையும் எண்ணெயும் நட்பு நாட்டுக்குப் போகும், பதிலுக்கு நிலக்கரி வரும் என்பது ஒப்பந்தம். போகிற வண்டி பாரம் தாங்காமல் முனகிக்கொண்டு போனது. வருகிற வண்டியின் கதவைத் திறந்து பார்க்கவே வேண்டாம், வெறும் பெட்டியின் சக்கரம் வேறு மாதிரி பாடும். குளிர்காலம் முழுக்க அவள் அந்த வெறும் பாட்டைத்தான் கேட்டாள். ஊரில் அடுப்பு எரியவில்லை. பிறகு நண்பன் தோற்கத் தொடங்கினான். கோதுமை போதாதென்று ஆளும் கேட்டான். எதிரிப் படையோ நம் ஆற்றங்கரைக்கே வந்துவிட்டது.

"இப்படிக் குடுத்துக்கிட்டே இருந்தா நமக்குன்னு என்னதான் மிஞ்சும்?" என்று பாயின்ட்ஸ்மேனிடம் கேட்டாள். ரயிலுக்குத் தடம் மாற்றிவிடுகிறவன் அவன்.

"நாம கேட்டு என்னக்கா ஆகப்போவுது?" என்றான்.

ஒருநாள் விடிந்ததும், நண்பனுக்காகச் சண்டை போட நம் பையன்களை ஏற்றிக்கொண்டு முதல் படை ரயில் வந்தது. தட்டினாள். அத்தனையும் கணீர். அனுப்பிவிட்டாள். பாயின்ட்ஸ்மேனின் மகன் அதில் இருந்தான். அப்பனுக்குக் கையசைத்துக்கொண்டே போனான். எட்டு மணிக்கு இரண்டாவது ரயில். நாலாவது பெட்டி ஜன்னலில் அவள் மகன்.

"அம்மா!" என்றான், பள்ளிக்கூடம் விட்டு வந்தவனைப் போல.

அவள் சக்கரத்தைத் தட்டினாள். கணீர். மறுபடி தட்டினாள். பாழாய்ப்போன சக்கரம், மறுபடியும் கணீர். சாக்கட்டியை எடுத்துப் பெருக்கல் குறியைப் போட்டாள்.

கூட வந்த நட்பு நாட்டு அதிகாரிகள் இரண்டு பேரும் அவள் மேல் எரிந்து விழுந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அசையவில்லை. "அந்தம்மா காது தப்பாது சார். வேற பெட்டி வர மூணு மணி நேரமாவும், அதுவரைக்கும் வண்டி கிளம்பாது."

பதினோரு மணிக்கு அவர் அறை ரேடியோ அறிவித்தது: இந்த நிமிஷம் முதல் நண்பன் எதிரி, எதிரி நண்பன். மானம், மரியாதை என்று என்னென்னவோ சொன்னது. நிலக்கரியைப் பற்றி மூச்சு விடவில்லை. அவ்வளவு பெரிய நாடு, மலையும் ஆறும் கோடி ஜனமும் சேர்ந்தது, ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது! காலையில் அவளை அதட்டிய அதிகாரிகள் ரயிலில் வந்த நம் கேப்டனிடம் துப்பாக்கிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். வந்த வழியே திரும்பிப் போக, என்ஜினைக் கொண்டுபோய் ரயிலின் மறுமுனையில் மாட்டினார்கள். சுத்தியலம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மகன் எல்லைக்கு இந்தப் பக்கம், நம் மண்ணில், ஜன்னலில் சிரித்துக்கொண்டிருந்தான். கும்பிட வேண்டும்போல் இருந்தது; யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

பாயின்ட்ஸ்மேன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, காலைல போன வண்டி எல்லையைத் தாண்டியிருக்குமா?"

முக்கால் மணி நேரப் பாதை. அந்தப் பக்கம் இறங்கிய நம் பையன்கள் இப்போது அங்கிருப்பவர்களுக்கு எதிரிச் சிப்பாய்கள்.

"தாண்டியிருக்கும், தம்பி."

அவன் அழவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க காது தங்கமான காதுக்கா. எத்தனை வீட்டுப் புள்ளைங்களைக் காப்பாத்திடுச்சு. அந்த விரிசல் என் பையன் போன வண்டியில இருந்திருக்கக் கூடாதா?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"இருந்திருக்கலாம், தம்பி" என்றாள்.