சாம்பல் நிறத் துணி

மகள் கேட்டாளே என்று, என் படத்துக்குக் கணினியில் ஒரு ஸ்டூடியோ பின்னணி செய்துகொண்டிருந்தேன். சாம்பல் நிறத்தை நிரப்பி, பழைய துணியில் இருப்பதுபோல் திட்டுத்திட்டாகத் தேய்த்து, ஓரங்களை இருட்டாக்கினேன். பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்.

மலேசியாவில் நான் வளர்ந்த பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் செத்துப்போன எல்லோரும் இதே துணிக்கு முன்னால்தான், மாலையோடு படமாகச் சுவரில் தொங்கினார்கள். பன்னிரண்டு வயதில் ஐசி எனும் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க அம்மா என்னைக் கூலிம் பட்டணத்துக்கு அழைத்துப்போனார். ஸ்டூடியோவுக்குள் அதே துணி! அடுத்தது நான்தான். சுவரில் தொங்கியவர்கள் யாரும் சிரித்ததில்லை என்பதால், தப்பிக்க இருந்த பல்லையெல்லாம் காட்டினேன்.

"தம்பி, ஐசிக்குப் பல்லு தெரியக்கூடாதுலா. வாய மூடு," என்றார் படக்காரர்.

"மூடுனா செத்துருவேன் அண்ணே!"

"உங்கப்பாவும் இங்கதான்டா எடுத்தாரு. செத்தா போய்ட்டாரு?" என்றார் படக்காரர். அம்மா முறைத்த முறைப்பில் வாய் தானாக மூடிக்கொண்டது. பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. ஒரு மாதம் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே திரிந்தேன்.

ஐம்பத்து மூன்று வயதில் இதற்கெல்லாம் பயப்படலாமா? சாம்பலை அழித்துவிட்டு ரோஸ் நிறத்தை நிரப்பினேன்.

"என்னாப்பா இது, கல்யாண மாப்பிள்ள மாரி இருக்கீங்க!" என்று மகள் சிரித்தாள்.

இருக்கட்டும். மாப்பிள்ளைக்குப் போட்ட மாலையை அன்றைக்கே கழற்றிவிடுவார்கள்.