ஹாமரில் எங்கள் செல்வமக்கா

இந்நேரத்தில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். செல்வமக்கா காலமான செய்தி வந்தபோது, காய்ச்சலோடு இருந்த அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நார்வேயில், ஹாமர் ஊரிலிருந்து என் கணவர்தான் பேசினார். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

ஹாமரில் அக்காவோடு பழகிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இங்கே, அம்மா வீடு இருக்கும் திருத்தணியில் அவரைத் தெரிந்தவர் யாருமில்லை.

நான் ஹாமர் போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலம் அது. ஒரு காபிக் கடை வாசலில், பனியில், தள்ளுவண்டிக்குள் ஒரு கைக்குழந்தை தனியாகத் தூங்கியது. யாரோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று பயந்து காவலுக்கு நின்றுவிட்டேன். என்னைப் பார்த்துப் பயந்து, கடைக்குள்ளிருந்து தாய் ஓடிவந்தாள். அந்த வழியாக வந்த அக்காதான் அவர்கள் மொழியில் சமாதானம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இங்க குழந்தையள வெளியிலதான் நித்திரையாக்குவினம் பிள்ளை. நல்லவேளை, நீ தூக்கயில்லை." அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கமானது.

இன்னொரு நாள் மியோசா ஏரிக்கரையில் பழைய பேராலயத்தைக் காட்டினார். சுவீடன் படை எரித்தபின் முந்நூறு வருடம்போல அங்கே நகரமே இல்லையாம். கல்லைக்கூட வீடு கட்ட அள்ளிப் போனார்களாம். பிறகு பக்கத்திலேயே புது ஊர் எழும்பி, ரயில் வந்து, இன்றைய ஹாமர் ஆனது. மிஞ்சிய வளைவுகளுக்கு மேல் மழை படாமல் பெரிய கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வீடு எரிந்தபின் அங்கே வந்தவர் அக்கா. கூரையை அண்ணாந்து பார்த்தபடி, "எங்கட வீட்டுக்கு ஆர் கண்ணாடி போடுறது" என்றார். பிறகு, குளிருது நட என்றார்.

ஹாமர்க்காரர்கள் நல்லவர்கள். ஆனால் அழைக்காமல் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். நாள் கணக்கில் நாம் வெளியே வராவிட்டாலும், தொந்தரவு செய்யக்கூடாது என்று சும்மா இருப்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு அக்கா மட்டும்தான், முதியோர் இல்லத்து வேலை முடிந்து, சொல்லாமல் வந்து கதவைத் தட்டுவார். பிள்ளையைக் குளிப்பாட்டி, எனக்குச் சோறு போட்டு, நீ படு என்பார். ஹாமர் என்றால் எனக்கு அந்தத் தட்டல்தான். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பதும் அதுதான்.

அடுத்த மாதம் திரும்ப டிக்கெட் போட்டாகிவிட்டது. அங்கே கணவருக்கு இரவு வேலை. "அவங்க இல்லன்னா என்னா, ஊரு அங்கியேதான கீது" என்கிறார். அம்மாவோ, "கைக்கொழந்தைய தூக்கிகினு யார நம்பிப் போற?" என்கிறாள். பிள்ளையோடு நான் வந்தால், உங்களில் ஒருவராவது சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருவீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.