சுரங்க நகரத்தின் கடைசி சாம்பிள்

1. முதல் அறிக்கை

எங்கள் மாநகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த கனிமப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, வடக்கே ஒரு வெள்ளிச் சுரங்கத்திலிருந்து சாம்பிள்கள் வந்தன. கல்லைப் பொடியாக்கி, ஈயத்தோடு ஃபர்னஸில் உருக்கினேன். எலும்புச் சாம்பல் கிண்ணம் ஈயத்தை உறிஞ்சியபின் கடுகளவு வெள்ளி மணி எஞ்சியது. அதைத் தராசில் நிறுத்து, அறிக்கையில் கையெழுத்திட்டேன். அதை நம்பிக் கம்பெனி தோண்டியது. சில ஆண்டுகளில் காட்டுக்குள் பள்ளிக்கூடம், ஹோட்டல், பனி ஹொக்கி அரங்கோடு ஒரு நகரம் எழுந்தது.

2. யோகனின் பை

மன்னாரைச் சேர்ந்த யோகன் அந்தச் சுரங்கத்தில் பொறியாளர். பாறைக்குள் படிந்திருந்த பழைய வெள்ளிப்படிவம் தீர்ந்துவந்த காலத்தில், புதிய படிவத்தின் சாம்பிளைத் தாமே காரில் கொண்டுவந்தார். முத்திரையிட்டு வராத பையை வாங்கக்கூடாது என்பது விதி. எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் பழகியவர் என்பதால் வாங்கிவிட்டேன். அது என் தவறு, மறைக்கவில்லை.

உருக்கியபோது மணி பட்டாணியளவு வந்தது. மீதிக் கல்லைக் கொட்டிப் பார்த்தேன்.

"இதில வெறுங்கல்லே இல்லை. பொறுக்கி எடுத்தனீரோ?"

"பொறுக்கேல்லை அண்ணை. நல்லதாத் தெரிஞ்சதை எடுத்தனான்."

"அதுக்குப் பேர்தான் பொறுக்கிறது."

யோகன் நாற்காலியில் அமர்ந்தார். "போன வருசம்தான் அங்க வீடு வாங்கினனான். சுரங்கம் பூட்டினா அந்த வீட்டை ஆர் வாங்குவான், கரடியோ? ஒரு கையெழுத்துத்தானே அண்ணை."

"உமக்கு வீடு எப்பிடியோ, எனக்குக் கையெழுத்து அப்பிடி."

அந்த முடிவை நான் அனுப்பவில்லை. துளையிட்டு எடுத்த கல் முழுவதையும் முத்திரையோடு அனுப்பும்படி கம்பெனிக்கு எழுதினேன். வந்ததை மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் மணி கண்ணுக்கு அரிதாகவே தெரிந்தது. அதையே எழுதிக் கையெழுத்திட்டேன்.

3. அதன் பின்

அடுத்த வசந்தத்திற்குள் சுரங்கம் மூடப்பட்டது. பள்ளிக்கூடமும் மூடியது. ஹோட்டல் சன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். யோகன் கிடைத்த விலைக்கு வீட்டை விற்று, எங்கள் மாநகரின் நோத்ர-டாம்-த-கிரேஸில் வாடகைக்குக் குடியேறினார். பூசையில் கண்டாலும் முகம் திருப்பினார். ஓராண்டுக்குப் பின் ஒரு ஞாயிறு, அவரே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"உங்களோட கோவம்தான் அண்ணை. இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா நீங்கள் அண்டைக்குச் சைன் வைச்சிருந்தா, என்ர தம்பியையும் அங்க வீடு வாங்கப் பண்ணியிருப்பன்."

இத்தொழிலுக்கு வரும் இளையோருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றே உண்டு. நிறுத்ததை எழுதுங்கள், கேட்டதை எழுதாதீர்கள். அந்த நகரம் எழுந்தபோதும் அடங்கியபோதும் அறிக்கையின் அடியில் இருந்தது என் பெயர். அந்த இரண்டு அறிக்கைகளில் எதையும் நான் திருத்தியதில்லை.