வெட்டிய இடத்தில் ஒரு 'டக்'

போன வாரம் ஒரு மத்தியானம், ஹெட்ஃபோனோடு நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்தேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பயந்தே போனார். லாட்டரியா? இல்லை. ஒரே ஒரு 'டக்' சத்தம் ஒழிந்திருந்தது!

விஷயம் இதுதான். மதுரை திருநகரில் எங்கள் தெருவிலேயே ஜெனி என்றொரு பெண். கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். பார்வை கிடையாது, காதால் கேட்டுத்தான் படிப்பு. திங்கட்கிழமை பரீட்சை. ஏற்கெனவே ஒருமுறை ஃபெயிலான பேப்பர். இதிலும் போனால் டிகிரி கைக்கு வராது. புத்தகமோ மங்கிப்போன அச்சு... போனில் இருக்கும் வாசிக்கும் ஆப் அதைத் தாறுமாறாகப் படிக்கிறதாம்.

"நீங்க வாசிச்சுத் தாரீங்களாக்கா?" என்றாள். மாட்டேன் என்பேனா?

வாசித்துப் பதிவுசெய்தேன். நடுநடுவே என் இருமல், குக்கர் விசில், திருமங்கலம் ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கத்தரித்து எறிந்தேன். எடிட்டிங் பிரமாதம் என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

சாயங்காலமே ஜெனி வந்துவிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. வரிக்கு வரி டக்கு டக்குன்னு கேக்குது. நான் வேகமா ஓட்டித்தான் கேப்பேன். மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்குது."

எனக்கு முகம் தொங்கிப்போனது. உதவி செய்கிறேன் என்று கிளம்பி, பிள்ளையின் பரீட்சைக்கே உலை வைத்துவிட்டேனா?

மறுநாள், வெட்டிய இடம் ஒன்றை ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்த்தேன். அலை அலையாக ஓடும் கோடு அங்கே பாதியில் முறிந்து, அடுத்த துண்டு வேறொரு உயரத்தில் தொடங்குகிறது. அந்தத் தாவல்தான் டக்! துண்டின் மூலையைப் பிடித்து லேசாக இழுத்தால், ஒலி மெல்ல அடங்குகிறது. அடுத்த துண்டின் மூலையை இழுத்தால், மெல்ல எழும்புகிறது. ஃபேட்-அவுட், ஃபேட்-இன். இவ்வளவுதானா? முதல் டக் ஒழிந்தது. நான் துள்ளியது அப்போதுதான்.

அதோடு சும்மா இருந்தேனா? எல்லா இடத்திலும் தாராளமாக இழுத்துவிட்டேன். வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்துவிட்டு, "பேசிக்கிட்டே பஸ் ஏறிப் போறவ மாதிரில்ல இருக்கு" என்றார். நிஜம்தான். வரியின் கடைசி வார்த்தையெல்லாம் தேய்ந்து காணாமல் போயிருந்தது.

இம்மியளவு போதும் என்று புரிந்தது. கண் இமைக்கிற நேரம்கூட வேண்டாம். ஒரு துண்டு அடங்கும்போதே அடுத்தது எழும்புகிற மாதிரி, இரண்டையும் துளியூண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவிட்டால் - இதற்கு கிராஸ்ஃபேட் என்று பெயர் - ஒட்டுப்போட்டதே தெரியவில்லை. அத்தனை வெட்டையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, புதிதாக அனுப்பினேன். அலுப்பே தெரியவில்லை. சின்னப் பிள்ளைக்குப் புது சைக்கிள் கிடைத்த மாதிரி ஒரு உற்சாகம்.

யோசித்தால், இது நமக்குத் தெரியாத வித்தையா என்ன? மதுரையில் யாராவது போனைச் சட்டென்று வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

"சரி, அப்ப வைக்கவா?"

"ம்ம், வைங்க."

"சாப்பிட்டீங்கல்ல?"

"ஆச்சு ஆச்சு."

"சரி... வச்சிர்றேன்."

சொல்லாமல் வைத்தால் எதிராளி மனசில் ஒரு டக். அதனால்தான் இத்தனை பக்குவம். என்ன, நாம் கொஞ்சம் நீளமாகவே இழுத்துவிடுகிறோம்.

திங்கட்கிழமை மத்தியானம் ஜெனியிடமிருந்து போன். பரீட்சை ஹாலில் அவள் பதில் சொல்லச் சொல்ல, எழுதித் தருவதற்கு ஒரு பெண் வருவாள். "எப்படிம்மா பண்ணின?" என்றேன்.

"எல்லாம் வரிசையா வந்துச்சுக்கா. நிறுத்தாமச் சொன்னேன். எழுத வந்த பிள்ளைக்குத்தான் பாவம், கை வீங்கிப் போச்சு."

முகம் தெரியாத தங்கச்சியே, மன்னித்துவிடு... எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை!