கிண்ணம் என்றால் கார்புரேட்டர்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் பத்தொன்பது பிஸ்கட் டின்களில் இருந்தது. தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பதினாலு வருஷமாகக் கிடந்த வண்டியை அக்கு அக்காகப் பிரித்துவிட்டார். எந்த டின்னிலும் ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை.

"எது எங்கன்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"எல்லாம் மண்டையில இருக்கும்மா."

இரண்டு மாதம் கழித்து வலது கையும் காலும் சோர்ந்தன. கூடவே பேச்சும் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். ஆனால் பேச வாயெடுத்தால் ஒன்றிரண்டு சொல்தான்; பொருள்களின் பெயர் வராது. வந்தால் வேறு பெயர் வரும். காபி வேண்டும் என்றால் "சாவி" என்பார். தவறு என்று அவருக்கே தெரியும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் ஒரு யோசனை சொன்னாள். "அவருக்குப் பிடிச்ச விஷயத்தப் பத்திப் பேச வைங்கம்மா. நீங்க பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டே வாங்க."

வரும் வழியில் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பழைய மோட்டார் சைக்கிளைச் சீரமைக்கும் முறை என்று முதல் பக்கத்தில் எழுதிக் கோடு போட்டேன். முப்பது வருஷம் பள்ளியில் தமிழ் நடத்தியவள் நான். வேலை சுலபம் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு டின்னைத் திறந்து உள்ளே இருந்ததை எடுத்துக் காட்டினேன். "இது என்ன? சொல்லுங்க பார்ப்போம்."

"கிண்ணம்."

"இல்லைங்க. கார்... கார்பு..."

"கிண்ணம்."

"கார்புரேட்டர். எங்க, சொல்லுங்க."

இப்படியே மூன்று நாள். மூன்றாம் நாள் இடது கையால் நோட்டைத் தள்ளிவிட்டார். "டீச்சர்... வேணாம்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவ்வளவு நாளில் சரியாக வந்த ஒரே பெயர் அந்த 'டீச்சர்'தான்.

மறுநாள் காலை நான் எதையும் தூக்கிக் காட்டவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கையில் ஸ்க்ரூடிரைவர்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க சொன்னாத்தான் உண்டு. இத எங்க மாட்டணும்?"

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை இடது காலால் உந்தி நகர்த்திக்கொண்டு அருகில் வந்தார்.

அன்றிலிருந்து அவர் சொன்ன ஒற்றைச் சொற்களையும் கைச்சாடையையும் கோத்து, அவர் சொல்லிலேயே எழுதினேன். நோட்டின் கடைசியில் சொற்பட்டியல் ஒன்று வளர்ந்தது. கிண்ணம் என்றால் கார்புரேட்டர். வெற்றிலை என்றால் கேஸ்கட், இரண்டு பாகங்களுக்கு நடுவே வைக்கும் மெல்லிய தகடு. மாலை என்றால் செயின். 'வெற்றிலை கிழியாமல் எடுக்க வேண்டும், பழையதைத் திரும்பப் போடக் கூடாது' என்று என் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது. தென்னூரில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவர் ஒருவர், தேய்ந்த சிலிண்டரை உட்புறம் கடைந்து போரிங் செய்து கொண்டுவந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தவர், உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சிரிங்கண்ணே, பரவாயில்ல" என்றேன். என் கணவரும் சிரித்தார்.

பிஸ்டன் மாட்டிய நாள் மறக்காது. அதைச் சுற்றியிருக்கும் ரிங் உடையாமல் உள்ளே இறக்கவே எனக்கு அரை மணி ஆயிற்று. விரலெல்லாம் ஆயில். ஒரு வழியாக உள்ளே போனதும், பெருமையாக நிமிர்ந்து பார்த்தேன். அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"இல்ல! இல்ல! அம்பு... புகை பக்கம் இருக்கணும்!"

குனிந்து பார்த்தேன். பிஸ்டனின் தலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி. சைலன்சர் குழாய் தொடங்கும் முன்பக்கத்தை அது காட்ட வேண்டும். நான் பின்பக்கம் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் அதைவிட வேறொன்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. முழு வாக்கியம் பேசியிருக்கிறார். நோய் வந்தபின் முதன்முறையாக.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க."

"டீச்சர்..." என்று விரலை ஆட்டினார். கண் நிறைந்திருந்தது. நான் பிஸ்டனை வெளியே எடுத்துத் திருப்பி மாட்டினேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி முழுசாக நின்றது. ஒரு டின்னில் மட்டும் நான்கு நட்டுகள் மிஞ்சின. அவை எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, தென்னூர்க்காரருக்கும் தெரியவில்லை. அந்த வண்டிக்குக் கிக்கர் இடப்பக்கம். அவருடைய இடது காலில் பலம் இருந்தது. ஆனால் வலது கால் உடம்பைத் தாங்காது. ஆகவே நான்தான் உதைத்தேன். எட்டாவது உதைக்கு ஒரு இருமல். பன்னிரண்டாவது உதைக்கு வண்டி பிடித்துக்கொண்டது. தெருவே புகை. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்தினார். என் கணவர் டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்தவர், எடுக்கவே இல்லை.

தென்னூர்க்காரர் அவரைப் பின்னால் உட்கார வைத்து, தன் இடுப்போடு ஒரு துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டு, காவிரிப் பாலம் வரை போனார். நான் வாசலிலேயே நின்றேன். இருபது நிமிடம்தான், இரண்டு முறை தெருமுனை வரை நடந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் முடியெல்லாம் காற்றில் கலைந்து கிடந்தது. இறக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் நோட்டைக் காட்டினார்.

"எழுது."

"என்னங்க எழுத?"

"பாலம்." மூச்சு வாங்கியது. "காத்து. தண்ணி... ரெண்டு பக்கமும் தண்ணி."

வண்டியைச் சீரமைக்கும் நோட்டில் அதற்கு இடம் கிடையாது. நான் எழுதிக்கொண்டேன்.